வெள்ளிக்கிழமை ஆப்சென்ட்

ஏட்டி,

போன வியாழக்கிழமை ஏழாம் வகுப்பில் ஒரு ஷூவின் வெல்க்ரோ பட்டை பிரிந்த சத்தத்தைக் கேட்டு, போர்டில் பாதி எழுதிய எண்ணோடு நின்றுவிட்டேன். கர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பிரஷர் பார்க்கிற மெஷினின் கைப்பட்டையைப் பிரிக்கும்போது வருமே, அதே சத்தம். நாற்பது பிள்ளைகள் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. "மிஸ், அப்புறம்?" என்று யாரோ கேட்ட பிறகுதான் திரும்பினேன்.

உன் ஏழாம் வகுப்புதான் இப்போது என்னுடையது. அ பிரிவு, ஆ பிரிவு இரண்டும். இதை உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஏன் வெட்கம் என்று கீழே எழுதுகிறேன்.

அன்று நடத்தியது புள்ளியியல். இருக்கிற எண்களில் ஒன்று மாறினால் சராசரி என்ன ஆகும், இடைநிலை என்ன ஆகும், வீச்சு என்ன ஆகும் என்கிற பாடம். பாடப்புத்தகத்தில் இருந்த கிரிக்கெட் ரன் கணக்கை விட்டுவிட்டு, பள்ளிக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று முன்வரிசைப் பிள்ளைகள் ஏழு பேரைக் கேட்டேன். நீ அப்படித்தான் செய்வாய். பத்து, பதினைந்து, இருபது, இருபத்தைந்து, இருபத்தைந்து, இருபத்தைந்து. ஏழாவதாக இருந்த பெண் திருமழிசையிலிருந்து வருகிறவள். மழையில் ரோடெல்லாம் தண்ணீர், இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். தொண்ணூறு நிமிடம் என்றாள். கூட்டி ஏழால் வகுத்தால் சராசரி முப்பது. முப்பது நிமிடத்தில் வருகிறவர் அந்த ஏழு பேரில் ஒருவரும் இல்லை. அதைக் காட்டத்தான் நினைத்தேன்.

அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "மிஸ், அவளை எடுத்துட்டா இருபதுதான் மிஸ். கரெக்டா வந்துடும்."

வகுப்பே சிரித்தது. அந்தப் பெண் குனிந்து, நனைந்து ஊறிய ஷூவின் பட்டையைப் பிரித்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

அந்த மணி முடிந்ததும் நான் ஸ்டாஃப் ரூமில் நம்முடைய ஜன்னலோர மேசைக்குப் போய் உட்கார்ந்தேன். உன் நாற்காலியில் இப்போது புதிதாக வந்த அறிவியல் டீச்சர் உட்காருகிறார். நல்ல பெண்தான், என்னிடம் மரியாதையாகப் பேசுகிறார். எனக்குத்தான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க முடிவதில்லை.

பன்னிரண்டு வருடம் அந்த மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பேப்பர் திருத்தினோம். நீ மார்க்கைப் படிப்பாய், நான் கூட்டுவேன். பிறகு நான் படிப்பேன், நீ சரிபார்ப்பாய். வகுப்பில் சுத்தமான தமிழும் திருத்தமான ஆங்கிலமும் பேசுகிறவள், ஸ்டாஃப் ரூம் கதவைத் தாண்டியதும் மேனாம்பேட்டுக்காரி ஆகிவிடுவாய். "இன்னா மிஸ்ஸு, மூஞ்சி தொங்கிகினு கீது, பஸ்ல சீட்டு கெடைக்கலயா?" என்று ஆரம்பிப்பாய். பாரிவாக்கத்திலிருந்து ஆவடிக்கு நான் நின்றுகொண்டே வருவது உனக்கு ஒரு வேடிக்கை. தென்காசியிலிருந்து இங்கே வந்து பதினாறு வருடமாகியும் என் பேச்சு மாறவில்லை என்பது இன்னொன்று. நான் உன்னை "ஏட்டி" என்று கூப்பிட்ட முதல் நாள் நீ கோபித்துக்கொண்டாய். அப்புறம் நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் கோபித்துக்கொண்டாய்.

உன்னிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. இந்தக் கடிதம் முழுக்க அதைப் பற்றியதுதான் என்று தோன்றுகிறது.

நம் பள்ளியில் ஒவ்வொரு தேர்வுக்கும் வகுப்புச் சராசரியை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். பூஜ்யம் வாங்கினால் அது கணக்கில் சேரும், ஆப்சென்ட் என்றால் சேராது. இதைத் தெரிந்துகொண்ட டீச்சர்கள் என்ன செய்வார்கள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ரொம்பக் குறைவாக வாங்கிய ஒரு பிள்ளைக்கு 'ஆப்' என்று இரண்டெழுத்து போட்டுவிட்டால் சராசரி ஒன்றிரண்டு மார்க் ஏறிவிடும். நானும் போட்டிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. ஒரு அரையாண்டில் உன் வகுப்பில் ஒரு பிள்ளை நூற்றுக்கு நான்கு வாங்கினாள். தலைமையாசிரியை உன்னைக் கூப்பிட்டு நயமாகச் சொல்லிப் பார்த்தார். நீ திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய்.

"வந்த புள்ளய வரலன்னு எப்டி மிஸ்ஸு எழுதறது? மூணு மணி நேரம் குந்திகினு நாலு மார்க்குக்கு எழுதிகீது. அதுவும் என் கிளாஸ்ல தான கீது?"

உன் வகுப்புச் சராசரி அந்தத் தடவை கடைசியில் நின்றது. நீ கவலைப்படவில்லை. அந்தப் பெண்ணை மதிய இடைவேளையில் கூப்பிட்டு உட்கார வைத்தபோதுதான் அவளுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று கண்டுபிடித்தாய். நான்கு மார்க்கை அடித்திருந்தால் கண்ணாடி வந்திருக்காது. அதை நீ பெருமையாகச் சொல்லவில்லை, போகிறபோக்கில்தான் சொன்னாய்.

இப்படிப்பட்டவளிடம்தான் நான் அந்த வேலையைச் செய்தேன்.

போன வருடம் இதே மழைக்காலம். பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில் உனக்குப் பிரஷர் அதிகம் என்று சொன்னதால், அம்பத்தூரில் ஒரு டாக்டரைப் பார்த்தாய். அவர் ஒரு மாத்திரை கொடுத்து, ஒரு மெஷின் வாங்கி ஏழு நாள் வீட்டில் பார்த்து, நேரத்தோடு எழுதிக்கொண்டு வரச் சொன்னார். மேல் எண்ணின் சராசரி நூற்று முப்பத்தைந்துக்குள் இருந்தால் இந்த மாத்திரையே போதும். தாண்டினால் வேறு மாத்திரை, சில பரிசோதனைகள், ஒரு மாத ஓய்வு. நீ பையிலிருந்து ஒரு கணக்கு நோட்டை எடுத்து என் முன்னால் போட்டாய். கட்டம் போட்ட நோட்டு. மதிய சாப்பாடு முடிந்து டப்பா கழுவிய கை ஈரத்தோடு இருந்தாய்.

"கொஞ்சம் கூட்டு மிஸ்ஸு. நான் கூட்டினா கை நடுங்குது."

திங்கள் 132. செவ்வாய் 136. புதன் 130. வியாழன் 134. வெள்ளி 182. சனி 136. ஞாயிறு 130. கூட்டினால் தொள்ளாயிரத்து எண்பது. ஏழால் வகுத்தால் நூற்று நாற்பது. மீதியில்லாமல் வந்தது. நான் எண்ணைச் சொன்னதும் நீ நாற்காலியில் சாய்ந்தாய்.

"போச்சு. லீவு போட்டு ஊட்டுல படுக்க சொல்வாரு."

நான் அந்த ஏழு எண்ணையும் பார்த்தேன். எத்தனை வருடம் நடத்திய பாடம். ஆறு எண்கள் ஒரே இடத்தில் நிற்கின்றன, ஒன்று மட்டும் தனியாகத் தூரத்தில் நிற்கிறது. அவுட்லையர் என்று வகுப்பில் சொல்லித் தருவோமே, அது. பாடப்புத்தகத்துக்குத் தூக்கிக் கொடுக்கலாம் போல இருந்தது. வெள்ளிக்கிழமையை எடுத்துவிட்டால் மீதி ஆறின் சராசரி நூற்று முப்பத்து மூன்று. இடைநிலை நூற்று முப்பத்து நான்கிலிருந்து நூற்று முப்பத்து மூன்றுக்கு வருகிறது, கிட்டத்தட்ட அசையவில்லை. வீச்சு மட்டும் ஐம்பத்திரண்டிலிருந்து ஆறுக்கு இறங்கிவிடுகிறது. எனக்கு உற்சாகமாகிவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் உன் உடம்பு என் கண்ணில் படவில்லை, அந்தக் கணக்கின் அழகுதான் பட்டது.

"வெள்ளிக்கிழமை என்னட்டி ஆச்சு?" என்று கேட்டேன்.

"அன்னிக்கு ஒரே தலவலி. அதான் எப்பவும் பாக்கற நேரத்துக்கு முன்னாடியே பாத்துட்டேன்."

"தலைவலின்னா ஏறத்தான செய்யும். அப்ப அது கணக்குல வராது. எடுத்துருவோம்."

"எடுத்துட்டு?"

"ஆப்சென்ட் போட்டுருவோம்."

நீ சிரித்தாய். பிறகு சிரிப்பு நின்றது. என்னை ஒரு மாதிரி பார்த்தாய்.

"வந்த நம்பர வரலன்னு எழுத சொல்றியா?"

"இது பிள்ளை இல்லட்டி, பிரஷர்" என்றேன் நான்.

நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்தாய். விளையாட்டு மைதானம் முழுக்கத் தண்ணீர் நின்றது. "சரி, போடு" என்றாய். என் சிவப்புப் பேனாவால் 182-ன் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 'அவுட்லையர்' என்று எழுதினேன். அதோடு விட்டேனா? அடித்தல் திருத்தலோடு டாக்டரிடம் காட்டுவது அசிங்கம் என்று, மார்க் பட்டியலைச் சுத்தப்பிரதி எடுப்பதுபோல ஒரு வெள்ளைத் தாளில் அழகாக எழுதித் தந்தேன். நாள், எண், கீழே கட்டம் கட்டிய சராசரி 133. வெள்ளிக்கு நேராக 'ஆப்'. நேரத்துக்கு ஒரு பத்தி போட்டால் தாள் கொள்ளவில்லை என்று அதை விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் உண்டு. இதை ஒன்பது மாதமாக ஒருவரிடமும் சொல்லவில்லை. அரையாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. நீ ஒரு மாதம் லீவில் போனால் உன் இரண்டு பிரிவும் என் தலையில்தான் விழும் என்று எனக்குத் தெரியும். நூற்று நாற்பது என்று விடை வந்ததும் என் மனதில் முதலில் ஓடியது உன் முகமா, என் டைம் டேபிளா? இரண்டும் ஓடின. எது முந்தி என்று என்னால் இன்றுவரை சத்தியம் செய்ய முடியவில்லை. கடைசியில் உன் இரண்டு பிரிவும் என்னிடம்தான் வந்தன. ஒரு மாதத்துக்கு இல்லை, மொத்தமாகவே.

டாக்டர் தாளைப் பார்த்து, இதே மாத்திரை போதும், வாரம் இரண்டு தடவை எழுதி வையுங்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று சொன்னார். நீ மறுநாள் வடை வாங்கி வந்தாய். "இன்னா ஒரு கைராசி உனக்கு" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாய். மூன்று மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. காலை ஆறு மணிக்குச் சமையல்கட்டில் டப்பாவை மூடிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாய். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது என்றார்கள். மூன்று நாள் கண் திறக்கவில்லை. நான்காம் நாள் மேனாம்பேட்டுக்கு நான் வந்தபோது உன்னை நடுக்கூடத்தில் வெள்ளைச் சேலையில் வைத்திருந்தார்கள். சர்ச் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் பாடினார்கள். எனக்கு எந்த வரியும் தெரியாது. சும்மா வாயை அசைத்துக்கொண்டு நின்றேன்.

ஒரு மாதம் கழித்து உன் வீட்டுக்காரர் பள்ளிக்கு வந்தார். லாக்கரில் இருந்த உன் சாமான்களை எடுத்துப் போக வந்தவர், கிளம்பும்போது பையிலிருந்து அந்தக் கட்டம் போட்ட நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "இதுல உங்க கையெழுத்து கீது டீச்சர். ஸ்கூல் நோட்டாட்டம் கீது. பாருங்க, வேணும்னா வச்சுக்கோங்க." அதற்கு மேல் அவர் அதைப் படித்துப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் எனக்கு அன்று உட்கார இடம் கிடைத்தது. மடியில் வைத்துப் பிரித்தேன்.

முதல் பக்கத்தில் என் சிவப்புக் கோடு. அடுத்த பக்கங்களில் நீ வாரம் இரண்டு எண் எழுதியிருந்தாய். பெரும்பாலும் நூற்று முப்பதுகள். இடையிடையே ஐந்து எண்களை நீலப் பேனாவால், ஸ்கேல் வைத்து, நேராக அடித்திருந்தாய். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'அவு' என்று இரண்டெழுத்து. நான் ஒன்றைத்தான் அடித்தேன். எப்படி அடிப்பது என்று உனக்குக் காட்டிக் கொடுத்துவிட்டேன். மீதியை நீயே அடித்துக்கொண்டாய்.

அன்று வீட்டில் அடித்த எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதினேன். என் ஒன்று, உன் ஐந்து. 182, 176, 180, 178, 184, 180. கூட்டினால் ஆயிரத்து எண்பது. சராசரி நூற்று எண்பது. இடைநிலையும் நூற்று எண்பது. வீச்சு எட்டு. ஏட்டி, அதில் தனியாக நிற்கிற எண் ஒன்றுகூட இல்லை. ஆறும் தோளோடு தோள் ஒட்டி நின்றன. பிறகுதான் நேரத்தைப் பார்த்தேன், நான் கொள்ளவில்லை என்று விட்ட அந்தப் பத்தியை. நூற்று முப்பதுகள் எல்லாம் மாலை நாலே முக்கால், ஐந்து. நீ சாயங்காலக் காப்பி குடித்துவிட்டுப் பார்த்தவை. அடித்த ஆறும் காலை ஐந்தரைக்கும் ஆறுக்கும் இடையில். தலை கனத்து எழுந்த நாட்களில் மட்டும் நீ காலையில் பார்த்திருக்கிறாய். பார்த்த ஒவ்வொரு காலையும் அதே எண்தான் வந்திருக்கிறது. பார்க்காத காலைகளில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

வெள்ளிக்கிழமைக்கு நேராக நீ தெளிவாக எழுதியிருந்தாய், காலை 5.40 என்று. முன்னாடியே பார்த்துவிட்டேன் என்று வாயாலும் சொன்னாய். எவ்வளவு முன்னாடி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எண் ஏன் தனியாக நிற்கிறது என்று கேட்காமல், எடுத்தால் சராசரி என்ன ஆகும் என்று பார்த்தேன். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அந்த நோட்டை பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். டாக்டருக்கு அந்தக் காலை எண் தெரிந்திருந்தால் நீ இருந்திருப்பாயா என்று எனக்குத் தெரியாது. இருந்திருக்க மாட்டாய் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்பது மாதம் ஓட்டிவிட்டேன். வியாழக்கிழமை அந்த வெல்க்ரோ சத்தம் வந்த பிறகு ஓட்ட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நோட்டை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரர் தனியாக இருந்தார். மகன் பெங்களூரிலிருந்து இந்த வாரம் வரவில்லையாம். திருமழிசை லேத் பட்டறைக்கு இப்போது ஓவர்டைமும் போகிறார். ஆள் இளைத்திருக்கிறார். டீ போட்டுக் கொடுத்தார், சர்க்கரை அதிகம். நான் டீயைக் குடிக்காமல் நோட்டைப் பிரித்து வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்புக் கோடு, ஆப்சென்ட், சுத்தப்பிரதி, காலை நேரம், என் டைம் டேபிள் வரைக்கும். அவர் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நான் அத்த அப்பவே பாத்தேன் டீச்சர்" என்றார்.

"எதை?"

"ஒருநா காலைல மெஷின்ல நூத்தி எம்பதுன்னு காட்டிச்சு. நான் பக்கத்துல நின்னுகினு இருந்தேன். வா, இன்னிக்கே டாக்டராண்ட போலாம்னேன். அவ சிரிச்சா. இது மாரி தனியா ஒண்ணு ரெண்டு வருமாம், அத்த எடுத்துடணுமாம், மிஸ் பாத்து சொல்லிச்சு, அது அடிச்சா கரீட்டா தான் இருக்கும்னா." நோட்டை என் பக்கம் தள்ளினார். "ரெண்டு பேரும் கணக்கு டீச்சரு. லேத்து ஓட்றவன் நான் இன்னாத்த சொல்றது? வுட்டுட்டேன்."

அழக்கூடாது என்று நினைத்துப் போனேன். முடியவில்லை. அவர் ஆறுதல் சொல்லவில்லை. "கோவம் வருது டீச்சர். யார் மேலன்னு தெரில. உங்க மேலயும் தான்" என்றார். அப்படி அவர் சொன்னது எனக்குப் பொய் ஆறுதலைவிடப் பரவாயில்லை என்று பட்டது. பிறகு எழுந்து உள்ளே போனவர் உன் மெஷினைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு கையை நீட்டினார். "நானும் ஒரு வருஷமா பாக்கல. பாருங்க."

பட்டையைச் சுற்றினேன். பொத்தானை அழுத்தினேன். நூற்று அறுபத்தெட்டு.

"இப்பதான மாடியேறி தண்ணி டேங்க்க பாத்துட்டு வந்தேன். அதான். அத்த வுட்ருங்க" என்றார்.

உன் நோட்டில் நீ எழுதாமல் விட்ட பக்கத்தில் 168 என்று எழுதினேன். பக்கத்தில் மாலை 5.10, மாடியேறி வந்த பிறகு என்றும் எழுதினேன். நாளையிலிருந்து காலையில் எழுந்ததும் பார்த்து எனக்கு அனுப்பச் சொன்னேன். சாயங்காலமும் பார்க்கச் சொன்னேன். சனிக்கிழமை டாக்டரிடம் இந்த நோட்டையே கொண்டுபோகிறோம், அடித்தல் திருத்தலோடு. உன் பக்கங்களையும் அவர் பார்க்கட்டும். பார்த்துவிட்டு என்னை என்ன சொன்னாலும் சரி.

பட்டையைப் பிரித்தபோது அந்தச் சத்தம் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

நேற்று வகுப்பில் திருமழிசைப் பெண்ணை எழுப்பி, அந்தத் தொண்ணூறு நிமிடம் எப்படி ஆகிறது என்று சொல்லச் சொன்னேன். முதல் பஸ் எப்போது வரும், எங்கே தண்ணீர் நிற்கும், எந்த நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்பாள் என்று முழுசாகச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. பாடம் பத்து நிமிடம் பின்தங்கிவிட்டது. மார்க் பட்டியலில் இனி 'ஆப்' போடமாட்டேன் என்று சபதமெல்லாம் நான் செய்யவில்லை. என்னை எனக்குத் தெரியும். போடும்போது கை நிற்கும், அது மட்டும் நிச்சயம்.

இன்று புதன்கிழமை. திங்கட்கிழமை காலை 152 அனுப்பினார். செவ்வாய் 156. இன்று காலை ஐந்து முப்பத்தெட்டுக்கு போன் அதிர்ந்தது. 170. கீழேயே ஒரு வரி: 'ராத்திரி தூக்கமே இல்ல. இத்த சேக்காதீங்க.'

அடுப்பை அணைத்துவிட்டு, நோட்டை எடுத்து எண்ணையும் நேரத்தையும் எழுதினேன். பிறகு அவருக்குப் பதில் அனுப்பினேன். 'வந்த நம்பர வரலன்னு எழுதக்கூடாது அண்ணே.'

அனுப்பிய பிறகுதான் என்ன எழுதினேன் என்று உறைத்தது. அவர் பதில் வந்தது.

'இது அவ பேச்சாச்சே.'

ஆமாம், ஏட்டி. உன் பேச்சுதான். நீ அதை என்னிடம் கேள்வியாகக் கேட்ட அன்று, நான் உனக்கு வேறு பதில் சொன்னேன்.